சலவைக்கடையின் எட்டு வெள்ளைகள்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து குக்கர். பதினொரு குக்கர், பதினொரு மூடி. பளபளக்கிற சாமானைப் படம் எடுப்பதும் நாள் முழுக்கக் கண்ணாடி பார்ப்பதும் ஒன்றுதான். ஒன்பதாவது மூடியில் என் மூக்கு இவ்வளவு அகலத்துக்கு விழுந்திருக்கிறது. கம்பெனிக்காரர்கள் கவனிக்காவிட்டால் அப்படியே விலைப்பட்டியலில் அச்சாகிவிடும்.

நாலு மணிக்கு மாடிப்படியில் அத்தானின் செருப்புச் சத்தம். அக்காவும் அத்தானும் கீழே, என் ஸ்டுடியோ மாடியறையில். ஆனாலும் அவர் மேலே வருவது அபூர்வம்.

"ஏய் கேமரா, ஒரு வேலை இருக்கு. ஒரே ஒரு க்ளிக்."

விஷயம் இது. நூலகத்தில் புதிதாக ஒரு வாசிப்புக் கூடம் கட்டியிருக்கிறார்கள். சுவருக்கு வண்ணம் பார்க்க, அத்தான் வேலை பார்க்கும் பெயிண்ட் கடைக்கு வந்த நூலகர் அம்மா, கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருந்த அத்தானின் ஓவியத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாராம். இது மாதிரி எட்டு இருக்கிறது என்று தெரிந்ததும் எட்டும் வேண்டும் என்றாராம். அத்தான் கொடுப்பாரா? "கிட்னியைக் கேளுங்க, யோசிக்கிறேன்" என்றிருக்கிறார். கடைசியில், படங்களைப் பெரிதாக அச்செடுத்து மாட்டுவது என்று முடிவு. மே பத்துக்குள் எட்டும் போய்ச் சேர வேண்டும்.

"எட்டு க்ளிக், அத்தான்."

"சரி, எட்டு. அதுக்கு எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கற?"

மார்ச் 6, வியாழன்

ஒரே க்ளிக்காம்!

முதல் படத்துக்கே அரை நாள். ஓவியத்தைச் சுவரில் மாட்டி, எதிரே ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? ஓவியத்தின் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடியை ஒட்டிக் கேமரா வழியாகப் பார்க்க வேண்டும். லென்ஸ் தன் முகத்தையே நட்டநடுவில் பார்த்தால் நேர். இல்லாவிட்டால் கட்டடம் குடித்துவிட்டு நிற்கும். விளக்குகள் இரண்டு பக்கமும் சாய்வாக. நேராக அடித்தால் எண்ணெய் வண்ணம் குக்கர் மூடியாகிவிடும். ஓவியத்தின் வலது ஓரத்தில் வண்ண அட்டை: இருபத்துநாலு கட்டம், அதில் ஒரு வரிசை முழுக்கச் சாம்பல். கணினியில் சாம்பல் கட்டத்தைத் தொட்டால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் வரும். மூன்றும் சமமாக இருந்தால் வெளிச்சத்தில் கலப்படம் இல்லை.

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து முழுவதையும் வேடிக்கை பார்த்தார். "ஒரு கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு ஜாதகம் பார்க்க மாட்டாங்க."

அவருக்கு இதெல்லாம் வீண் வேலை. முப்பத்தொரு வருஷமாகப் பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிறவர். உடைந்த கோப்பை, சட்டைப் பித்தான், சுவரிலிருந்து பெயர்த்த துண்டு என்று யார் எதைக் கொண்டுவந்து நீட்டி "இதே கலர்" என்றாலும் ஒரு பார்வை, நாலு சொட்டு, குச்சியால் ஒரு கலக்கு. கடையில் அதற்கென்று ஒரு மெஷின் இருக்கிறது. முதலாளி அதன்மேல் துண்டு காயப்போடுகிறார்.

எட்டு ஓவியங்களிலும் ஒரே இடம்தான். கடைக்கு எதிரே இருக்கும் சலவைக்கடை, அதன் மொட்டைமாடிக் கொடியில் காற்றில் உப்பி நிற்கும் வெள்ளை விரிப்புகள், கீழே செங்கல் சுவர், சாய்த்து வைத்த சைக்கிள். வருஷத்துக்கு ஒன்றாக, ஞாயிற்றுக்கிழமைகளில், வீட்டில் உட்கார்ந்து மனதிலிருந்து போட்டது. காற்றை வரைந்திருக்கிறார் மனிதர். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தாங்காது.

மார்ச் 9, ஞாயிறு

எட்டும் எடுத்தாயிற்று. இன்று அத்தானைக் கணினிக்கு முன் உட்காரவைத்து எட்டாவது படத்தைக் காட்டினேன்.

"மஞ்சளா இருக்கே."

"எது?"

"விரிப்பு. நான் போட்டது வெள்ளை. நீ காட்டுறது பழைய பனியன்."

எண்களைப் பார்த்தேன். மஞ்சளா? நீலம்தான் தூக்கலாக இருக்கிறது. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பது ஊரே நம்பும் கண். நீலத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். "இன்னும்." ஏற்றினேன். "இன்னும் கொஞ்சம்." ஏற்றினேன். "ஆங்! இதுதான்டி என் வெள்ளை."

எனக்கு அது விடியற்கால ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. வாயை மூடிக்கொண்டு சேமித்தேன்.

மார்ச் 15, சனி

அச்சகத்திலிருந்து மில்லிமீட்டர் போன். (அச்சுக்காரருக்கு நான் வைத்த பெயர். சாப்பாட்டுப் பொட்டலத்தைக்கூட ஸ்கேலால் அளந்துதான் பிரிப்பார்.)

"மேடம், இது சலவைக்கடைன்னுதானே சொன்னீங்க? மாதிரி அச்சுல கடலடியில இருக்கே."

போய் வாங்கிவந்தேன். கடலடிதான். அத்தானின் ஓவியத்துக்குப் பக்கத்தில் பிடித்ததும் அவருக்கே தெரிந்துவிட்டது.

"என்னடி இவ்வளவு நீலம்?"

"நீங்கதான் ஏத்தச் சொன்னீங்க!"

"திரையில சரியா இருந்துச்சு, தாள்ல தப்பா வந்திருக்கு. அப்படின்னா கோளாறு யார்கிட்ட? உன் மெஷின்கிட்ட. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்."

அக்கா சமையலறையிலிருந்து சிரித்தாள். மச்சினியைக் கிண்டல் செய்ய அத்தானுக்கு உரிமை உண்டு, சரி. இன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினாறு வருஷமாக இந்தத் தொழில் செய்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

மூன்று நாளாக என் தொழிலையே சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். விளக்குகளை மாற்றினேன். புது வண்ண அட்டை வாங்கினேன். மில்லிமீட்டர் தன் அளவுக் கருவியோடு வந்து திரையில் ஒட்டிப் பார்த்தார், முக்கால் மணி நேரம், மூச்சுகூட விடாமல்.

"திரை சுத்தம் மேடம். கேமரா சுத்தம். விளக்கு சுத்தம்."

"அப்ப யார்தான் அழுக்கு?"

"அதை அளக்க என்கிட்ட கருவி இல்லை" என்று பையை மூடிவிட்டார்.

மார்ச் 20, வியாழன்

கீழே சண்டை. காரணம், சட்டை.

அத்தானின் வெள்ளைச் சட்டைகள் மஞ்சளடித்துப் போகின்றனவாம். "துவைக்கிறியா, டீயில முக்கி எடுக்கிறியா?" என்றாராம். அக்கா கொடியிலிருந்து ஒரு சட்டையை உருவி என் மடியில் போட்டாள்.

"நீயே சொல்லுடி. இது மஞ்சளா?"

வானம் மாதிரி இருந்தது. அவர் ஒவ்வொரு முறை குறை சொல்லும்போதும் அக்கா வாளித் தண்ணீரில் இன்னும் நாலு சொட்டு நீலம் விட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். எவ்வளவு நாளாக? "ரெண்டு வருஷமா. பக்கத்து வீட்டுல என்ன கேக்கறாங்க தெரியுமா? உங்க வீட்டுக்காரர் ஏதாவது கட்சியில சேர்ந்துட்டாரான்னு."

விழுந்து விழுந்து சிரித்தேன். மாடிப்படி ஏறும்போது பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

திரை மஞ்சள். சட்டை மஞ்சள். போன மாதம் வீட்டு பல்புகளைக்கூட 'மஞ்சள்' என்று சொல்லி எல்லாவற்றையும் மாற்றினாரே.

அதே நாள், சாயங்காலம்

எட்டுப் படங்களையும் திரையில் வருஷ வரிசையாக அடுக்கினேன். இதுவரை ஒவ்வொன்றாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒரே வெளிச்சம், ஒரே அட்டை. எட்டிலும் சாம்பல் கட்டம் துளிகூட மாறவில்லை. பிறகு, எட்டிலும் நடு விரிப்பை, அதன் மிக வெளிச்சமான மடிப்பை, தொட்டுத் தொட்டு எண்களைக் குறித்தேன்.

முதல் வருஷம்: 231, 230, 227. அசல் வெள்ளை.
மூன்றாவது: 226, 228, 231.
ஐந்தாவது: 214, 221, 234.
எட்டாவது: 196, 209, 238.

சலவைக்கடை வருஷத்துக்கு வருஷம் நீலத்துக்குள் இறங்கிக்கொண்டே போகிறது. கண்ணாலேயே தெரிகிறது, எண்ணே வேண்டாம்.

அவர் பார்க்கிற உலகத்துக்கு முன்னால் யாரோ மஞ்சள் கண்ணாடித் தாளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் ஒரு தாள் கூடுதலாக. வெள்ளையை வெள்ளையாக்க அவர் ஒவ்வொரு வருஷமும் இன்னும் கொஞ்சம் நீலம் தொட்டிருக்கிறார். அவருக்கு அது தெரியாது.

கண்ணில் புரை. வேறென்ன?

ஐயோ, கடையில் என்ன செய்துகொண்டிருக்கிறார்? நாள் முழுக்க ஊருக்குக் கலர் கலக்கிக் கொடுக்கிறாரே?

மார்ச் 21, வெள்ளி

அக்காவிடம் சொன்னேன். கரண்டியை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"வெளுத்ததெல்லாம் பாலுன்னு இருந்துட்டேனேடி. கூடவே இருக்கேன், எனக்குத் தெரியலையே."

"அவருக்கே தெரியலையே, அக்கா."

"சரி, யார் சொல்றது? நான் சொன்னா, சட்டைக்குப் பழி வாங்குறேன்னு நினைப்பார். நீ மச்சினி. உன்மேல கோபம் வந்தாலும் ரெண்டு நாள்தான்."

பூனை கீழே. மணி என் கையில்.

மார்ச் 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

எட்டையும் வரிசையாக, சின்ன அளவில், ஒரே நீளத் தாளில் அச்செடுத்து மேஜையில் விரித்தேன். திரை வேண்டாம், மறுபடி மெஷினைத் திட்டுவார். ஒவ்வொன்றுக்கும் கீழே சாம்பல் கட்டத்தையும் வைத்திருந்தேன்.

"அத்தான், இந்தச் சாம்பல் எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கா?"

"இருக்கு."

"இப்ப விரிப்பைப் பாருங்க. முதல்ல இருந்து கடைசி வரைக்கும்."

பார்த்தார். இடமிருந்து வலம். பிறகு வலமிருந்து இடம். கலர் ஆள் அல்லவா, பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் அவரை ஏமாற்ற அவராலேயே முடியாது.

"நீலமாகுது" என்றார், மெதுவாக.

"நீங்க போட்டது எல்லாமே வெள்ளைதானே, அத்தான்."

"வெள்ளைதான்."

நான் கண் டாக்டர்னு வாயைத் திறந்தேன். எழுந்து செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டார். செருப்பு மாறியிருக்குன்னுகூடப் பார்க்கலை. ஒரு கால்ல அவரோடது, ஒரு கால்ல அக்காவோடது. எதுக்குச் சொன்னேன்? அச்சை மட்டும் எடுத்துக் கொடுத்துட்டு நான் பாட்டுக்கு இருந்திருக்கக் கூடாதா?

மார்ச் 24, திங்கள்

பேசவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

பேசவில்லை. ஆனால் காலை டீயை மாடிக்குக் கொடுத்தனுப்பினாராம். "அவர் சொல்லித்தான் கொண்டுவந்தேன்" என்றாள் அக்கா. நல்ல சகுனம்.

மார்ச் 26, புதன்

கடையிலிருந்து நேராக மாடிக்கு வந்தார். கையில் ஒரு பெயிண்ட் டின். மேஜைமேல் வைத்தார்.

"இது என்ன கலர்?"

திறந்து பார்த்தேன். "இளநீலம்."

"வாடிக்கையாளர் கேட்டது தந்த வெள்ளை." உட்கார்ந்தார். "மூணாவது தடவையா திரும்பி வந்திருக்கு. இது மட்டும் இல்ல, மூணு மாசமா டின்னு டின்னா திரும்புது. எல்லாருக்கும் கண்ணு கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். முதலாளி எனக்குத் தெரியாம அந்த மெஷின்ல வேற கலக்கி அனுப்பிக்கிட்டு இருந்திருக்கார். இன்னிக்குத்தான் பார்த்தேன். மெஷின்மேல துண்டு இல்ல."

அத்தான் சிரிக்காமல் ஐந்து நிமிஷம் பேசி நான் கேட்டதே கிடையாது.

"எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை இதுதான், கேமரா. கண்ணு போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"போகலை அத்தான். புரைன்னா எடுத்துடுவாங்க. பழைய லென்ஸை எடுத்துட்டுப் புது லென்ஸ் வைப்பாங்க. நான் கேமராவுக்கு மாத்துறேன்ல, அதே மாதிரிதான்."

"நீ மாத்தும்போது ரெண்டு தடவை கீழ போட்டிருக்க."

சிரித்துவிட்டோம். அப்பாடா!

மார்ச் 29, சனி

கண் டாக்டர் சின்னப் பெண். விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு கண்லயும் நல்லா முத்தியிருக்கே, இவ்வளவு நாள் எப்படி சார் சமாளிச்சீங்க?" என்று கேட்டார். "நீலம் போட்டு" என்றார் அத்தான். டாக்டருக்குப் புரியவில்லை. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏப்ரல் எட்டு, வலது கண். மூன்று வாரம் கழித்து இடது.

நூலகர் அம்மாவுக்குப் போன் செய்து, மாதிரி அச்சு கொஞ்சம் தாமதமாகும் என்றேன். மே பத்து என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

முடிந்தது. இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு ராஜா மாதிரி வெளியே வந்தார். அக்காதான் வாசலில் உட்கார்ந்து நகத்தை எல்லாம் கடித்துத் தீர்த்திருந்தாள்.

ஏப்ரல் 9, புதன்

காலையில் மூடியை எடுத்தார்கள். இன்று நடந்ததை எல்லாம் எழுதிவிட வேண்டும்.

முதலில் ஜன்னலைப் பார்த்தார். பிறகு வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தார். பிறகு இதை மூடி அதை. இப்படியே வீடு வரும்வரை, பேருந்தில், சின்னப் பிள்ளை மாதிரி. "இந்தக் கண்ணுக்கு மேகம் வெள்ளை. அந்தக் கண்ணுக்குக் கோதுமை மாவு." எதிர் சீட்டில் இருந்த அம்மாள், இவர் தனக்குக் கண்ணடிக்கிறார் என்று நினைத்து இடம் மாறி உட்கார்ந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்காவைப் பார்த்தார். நிறைய நேரம்.

"என்ன?" என்றாள் அக்கா.

"இவ்வளவு முடி எப்ப நரைச்சுது உனக்கு?"

"நல்லாக் கேட்டீங்க. எட்டு வருஷமா."

"வெள்ளையா, அழகா இருக்குடி" என்றார். அக்கா சட்டென்று உள்ளே போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம் அலமாரியைத் திறந்தார்.

"யாருடி என் சட்டையை எல்லாம் நீலத்துல முக்கினது!"

இத்தனை வருஷத்தில் அக்கா இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏப்ரல் 12, சனி

சிரித்ததெல்லாம் போதும் என்பது போல இன்று ஒரு கலவரம்.

கீழே போனேன். எட்டாவது ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்கித் தரையில் சாய்த்து வைத்திருந்தார். பக்கத்தில் வெள்ளை வண்ணம், தட்டு, தூரிகை.

"என்ன பண்றீங்க?"

"சரி பண்றேன். கடைசி நாலும் பொய். பொய்யை லைப்ரரியில மாட்டி ஊருக்குக் காட்டச் சொல்றியா? முப்பத்தொரு வருஷம் கலர் கலக்கினவன், வெள்ளை தெரியாம நீலத்தைப் பூசி வச்சிருக்கான்னு நாலு பேர் சிரிக்கணுமா?"

"கண் ஆபரேஷன் ஆகி நாலு நாள்தான் ஆகுது! குனியவே கூடாதுன்னு டாக்டர் சொல்லலையா?"

"ஒரு வாரம் கழிச்சுப் பண்றேன் அப்ப. பண்ணத்தான் போறேன்."

தூரிகையைப் பிடுங்கினேன். எனக்கே தெரியவில்லை ஏன் என்று. படம் அவருடையது, கை அவருடையது. என்னிடம் படத்தின் படம் இருக்கிறது, ஒரு புள்ளிகூட விடாமல். அவர் மேலே பூசினாலும் பழையது என் கணினியில் அழியாது. அப்படியும் மனசு ஒப்பவில்லை. அந்த எட்டாவது விரிப்பில் இருக்கிற காற்று வேறெதிலும் இல்லை. வெள்ளை பூசினால் அந்தக் காற்று அடைபட்டுவிடும்.

"நூலகர் அம்மா ஒரு தடவை பார்த்துடட்டும். அப்புறம் நீங்க என்ன வேணா பூசுங்க."

"எல்லாம் ஒரு நாலு நாள்" என்றார். இது சம்மதமா மிரட்டலா தெரியவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

நூலகர் அம்மா வந்தார். நல்ல உயரம், பேச்சு கொஞ்சம், மூக்குக்கண்ணாடி சங்கிலியில் தொங்குகிறது. மாடியறையில் எட்டையும் வருஷ வரிசையாகச் சுவரோரம் நிறுத்திவைத்தேன். அத்தான் கதவுக்குப் பக்கத்தில், தப்புச் செய்த பையன் மாதிரி.

அந்த அம்மா முதல் படத்திலிருந்து மெதுவாக நடந்தார். எட்டாவதுக்கு வந்து நின்றார். திரும்பி முதலுக்குப் போனார்.

"நான் அன்னிக்குக் கடையில ஒண்ணைத்தான் பார்த்தேன். இப்படிச் சேர்த்துப் பார்க்கலை. காலையில ஆரம்பிச்சு அப்படியே பொழுது சாயுதே! ஒரே நாள், எட்டு நேரம். எப்படி சார் இப்படி யோசிச்சீங்க?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊரே மெச்சும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இதைவிட நல்ல சோறு கிடைக்காது.

"யோசிக்கலைங்க" என்றார். "கண்ல புரை. எனக்கு எட்டுமே நடுப்பகல்தான்."

அவர் விளையாடுகிறார் என்று அந்த அம்மா முதலில் சிரித்தார். பிறகு அத்தானின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். நான் எண்களை எடுத்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுக்கொண்டார். மறுபடி ஒருமுறை முதலிலிருந்து கடைசிவரை நடந்தார், இந்தத் தடவை இன்னும் மெதுவாக.

"எங்க அம்மாவுக்கும் புரை இருந்துச்சு. அவங்களுக்கு உலகம் எப்படித் தெரியுதுன்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. கேட்டுக்கவும் தோணலை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை இப்படியே கொடுங்க சார். ஒண்ணையும் மாத்தாதீங்க."

அவர் போனபிறகு அத்தான் ஒரு மணி நேரம் அந்த வரிசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இறங்கிப்போகும்போது சொன்னது: "தூரிகையை நீயே வச்சுக்கோ. கழுவி வை, காஞ்சுடும்."

ஏப்ரல் 29, செவ்வாய்

இடது கண்ணும் முடிந்தது. இனி கோதுமை மாவு மேகம் கிடையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட!

மே 3, சனி

பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். மெஷின் ஜெயித்தது, கண் தோற்றது என்று. இன்று சரியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மில்லிமீட்டர் முதல் நாலு படங்களின் மாதிரி அச்சைக் கொண்டுவந்தார், பருத்தித் தாளில், துளி பளபளப்பு இல்லாமல். எண்கள் எல்லாம் கச்சிதம். அத்தான் ஒரு நிமிஷம் பார்த்தார்.

"இடது பக்கச் செங்கல்ல பச்சை இருக்கு."

"இல்ல, அத்தான். அட்டை சரியா இருக்கு, பாருங்க."

"அட்டை வலது பக்கம் இருக்கு. நான் இடது பக்கம் சொல்றேன்."

மில்லிமீட்டர் கருவியை எடுத்தார். அளந்தார். மறுபடி அளந்தார். "மேடம்... இருக்கு. ரொம்ப ரொம்பக் கொஞ்சம். ஆனா இருக்கு." அவர் குரலில் பயபக்தி.

எங்கிருந்து? மூவரும் தேடினோம். அத்தான்தான் கண்டுபிடித்தார். ஓவியம் மாட்டியிருந்த இடத்துக்கு இடப்பக்கம் ஒட்டினாற்போல் பக்கச் சுவர். விளக்கு அதில் பட்டுத் தெறித்திருக்கிறது. சுவரின் நிறம் இளம்பச்சை.

"எந்த முட்டாள் இந்தக் கலரைக் கொடுத்தான்?" என்றார்.

"நீங்கதான். ஆறு வருஷம் முன்னாடி. கண்ணுக்குக் குளிர்ச்சின்னு."

மில்லிமீட்டர் இருமலை வரவழைத்துக்கொண்டு படியிறங்கினார்.

சுவரைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு எட்டையும் மறுபடி எடுக்க வேண்டும். ஒரு வாரம்தான் இருக்கிறது.

மே 6, செவ்வாய்

எட்டும் மறுபடி எடுத்து முடித்தேன். அத்தான் லீவு போட்டுவிட்டு ஒவ்வொன்றுக்கும் கண்ணாடியைப் பிடித்தார், அட்டையைப் பிடித்தார். நான் எண்ணைச் சொல்வேன், அவர் கண்ணைச் சுருக்குவார். இருவரும் தலையாட்டினால்தான் அடுத்தது. நாலாவதில் மட்டும் சண்டை. நான்தான் தப்பு.

மே 10, சனி

எட்டும் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மில்லிமீட்டர் தானே வந்து, தானே அளந்து, தானே ஆணியடித்தார்.

மே 17, சனி

வாசிப்புக் கூடம் திறந்தார்கள். நீளச் சுவரில் எட்டும், வருஷ வரிசையாக. எட்டாவதுக்குப் பக்கத்தில் நூலகர் அம்மா ஒரு சின்ன அட்டை வைத்திருந்தார். அத்தான் சொல்லச் சொல்ல எழுதியதாம்: 'இந்த எட்டுப் படங்களிலும் துணி வெள்ளை. வரைந்தவர் சத்தியமாகச் சொல்கிறார். நீலமாகத் தெரிந்தால் அது அவருடைய கண், உங்களுடையது அல்ல. மஞ்சளாகத் தெரிந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள்.'

கூட்டம் படித்துச் சிரித்தது. ஆனால் ஒரு பெரியவர் சிரிக்கவில்லை. எட்டாவதுக்கும் முதலுக்கும் நடுவில் மூன்று தடவை நடந்தார். பிறகு மகளைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ கேட்டார். அந்தப் பெண் கைபேசியை எடுத்து எண் தேட ஆரம்பித்தாள்.

அத்தான் அதைப் பார்த்தார். என் முழங்கையை இடித்தார்.

சலவைக்கடைக்காரரும் வந்திருந்தார். சொந்தக் கடையை எட்டுத் தடவை பார்த்துவிட்டு, "சைக்கிள் என்னோடது இல்லையே" என்றார்.

மே 25, ஞாயிறு

மாடியறை முழுக்கச் செய்தித்தாள். என் விளக்குகள், ஸ்டாண்டு, பாதி கழற்றிய மேஜை எல்லாம் நடுவில் குவிந்து கிடக்கின்றன. பச்சையை ஒழித்துச் சாம்பல் அடிக்கிறோம். எந்தப் பக்கமும் சாயாத சாம்பல், எந்த ஓவியத்தின்மீதும் தன் நிறத்தைத் தெறிக்காத சாம்பல். கடையில் அத்தான் தன் இருக்கையில் திரும்ப உட்கார்ந்து இது மூன்றாவது வாரம். அந்தத் தந்த வெள்ளைக்காரர் போன வாரம் மறுபடி வந்தாராம், இந்தத் தடவை சமையலறைக்கு.

டின்னை வீட்டிலேயே, எந்தக் கலர் சீட்டும் பார்க்காமல், அவர்தான் கலக்கினார். சுவரில் ஒரு கையகலம் பூசிக் காயவிட்டுத் தள்ளி நின்றார்.

"எடுத்துப் பாரு, கேமரா. என்ன சொல்லுது?"

இந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்பார் என்று மார்ச்சில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். எடுத்தேன். பார்த்தேன்.

"118, 118, 117."

"எது 117?"

"நீலம்."

டின்னுக்குப் பக்கத்தில் குனிந்தார். நீலக் குப்பியைத் திறந்து, குச்சியின் நுனியில் ஒரே ஒரு சொட்டு எடுத்து, விடுவதற்கு முன்னால் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"விடவா?"

"விடுங்க, அத்தான்."

கீழேயிருந்து அக்காவின் குரல்: "ரெண்டு வருஷமா என் வாளியில விட்டப்ப மட்டும் அளந்து சொல்ல யாரும் வரலை!"

சொட்டு குச்சியிலிருந்து தவறித் தரையில் விழுந்தது. சிரித்து முடித்து மறுபடி எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று.